கறள் பிடித்த காரும் கணக்குத் தெரிந்த வியாபாரியும்

வியாபாரிகளாகிய எங்களுக்குப் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. "மலிவாகக் கிடைக்கின்றது" என்று யாராவது சொன்னால் காது உடனே நிமிர்ந்து விடும். பூட்டிக் கிடக்கும் கடை, ஓடாமல் நிற்கும் லொறி, மூலையில் போட்டிருக்கும் இயந்திரம் என்று எதுவாக இருந்தாலும், "கொஞ்சம் திருத்தினால் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம்" என்ற எண்ணம்தான் முதலில் வரும். கணக்கு அதற்குப் பிறகுதான் வரும். சில வேளைகளில் அது வராமலே போய்விடும்.

இந்த வாரப் பாடத்துக்கு நாம் எடுத்துக் கொள்ளும் பொருள் சற்று வித்தியாசமானது. கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டு வருவது எப்படி, அதில் பணம் எங்கே போகின்றது, யார் சம்பாதிக்கின்றார், யார் இழக்கின்றார் என்பதைப் பார்ப்போம். கார்களில் ஆர்வம் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். ஏனெனில் வாங்கும் விலைக்கும் உண்மையான செலவுக்கும் இடையில் உள்ள பள்ளம் இந்தத் தொழிலில் தெரிவது போல் வேறெதிலும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

எமது நாட்டுக்கும் இது தூரத்து விடயமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை ஏறியதை நாம் கண்ணால் கண்டோம். அந்த நாட்களில் பழைய கார்களில் கை வைத்தவர்கள் பலர். ஆனால் தட்டுப்பாட்டினால் ஏறிய விலை வேறு, ஒரு காரின் பெயருக்காகவும் வரலாற்றுக்காகவும் மக்கள் கொடுக்கும் விலை வேறு. முதலாவது, கப்பல் வந்தவுடன் இறங்கிவிடும். இரண்டாவதைப் பெற வேண்டுமானால் அந்தத் தொழிலின் நெளிவு சுழிவுகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கார்

உலகில் அதிகமாகத் திருத்தப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று எம்.ஜீ.பீ. ஆகும். எம்.ஜீ. என்ற பெயர் வந்ததே ஒரு கராஜிலிருந்துதான். ஒக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மொரிஸ் என்பவர் நடத்திய 'மொரிஸ் கராஜஸ்' என்ற வியாபாரத்தின் முதலெழுத்துக்களே அவை. அங்கு முகாமையாளராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மொரிஸ் கார்களின் மீது அழகான ஸ்போர்ட்ஸ் பொடிகளைப் பொருத்தி 1920களில் விற்கத் தொடங்கினார். வியாபாரம் வளர்ந்து, அருகிலுள்ள எபிங்டனில் தனித் தொழிற்சாலை உருவானது.

எம்.ஜீ.பீ. 1962இல் சந்தைக்கு வந்தது. 1798 சிசி கொள்ளளவு கொண்ட, நான்கு சிலிண்டர் எஞ்சின்; இரண்டு எஸ்.யூ. காபரேட்டர், துணிக் கூரை. 1965இல் இரும்புக் கூரை கொண்ட ஜீ.டி. வகையும் வந்தது. 1980 ஒக்டோபரில் எபிங்டன் தொழிற்சாலை மூடப்படும் வரை எல்லாமாக ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும் பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இவ்வளவு அதிகமாகச் செய்யப்பட்டதால்தான் இன்றும் கொட்டில்களிலும் தோட்டங்களிலும் கறள் பிடித்த நிலையில் இந்தக் கார்கள் கிடைக்கின்றன.

பாடம் 1: பளபளப்பைப் பார்க்க வேண்டாம், எலும்பைப் பாருங்கள்

பழைய காரைப் பார்க்கப் போகும் புதியவர் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பார். பிறகு ஆசனத்தில் உட்கார்ந்து பார்ப்பார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகின்றதா என்று கேட்பார். அனுபவசாலி இவற்றை எல்லாம் கடைசிக்கு விட்டுவிட்டு நிலத்தில் படுத்துக் காரின் அடியைப் பார்ப்பார்.

காரணம் இதுதான். எம்.ஜீ.பீ.க்குத் தனியான சேசி கிடையாது. தகடுகளால் ஒட்டப்பட்ட பொடிதான் காரின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றது. அதிலும் கூரை இல்லாத காரில், கதவுக்குக் கீழே முன்சில்லுப் பக்கத்திலிருந்து பின்சில்லுப் பக்கம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் முதுகெலும்பு. அதை 'அடிப்பெட்டி' என்று வைத்துக் கொள்வோம். வெளியே ஒரு தகடு, நடுவே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு என்று அது பல அடுக்குகளால் ஆனது. மழைநீரும் சேறும் உள்ளே தங்கி, வெளியில் தெரியாமல் உள்ளேயிருந்து அரிக்கத் தொடங்கும். வெளித்தகடு ஓட்டையாகித் தெரியும்போது உள்தகடு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

அனுபவசாலிகள் செய்யும் சோதனைகள் எளிமையானவை. காந்தத் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, மட்காட்டின் கீழ்ப்பகுதியிலும் அடிப்பெட்டியிலும் வைத்துப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிப் பசைதான் இருக்கின்றது. கதவுக்கும் பொடிக்கும் இடையிலான இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவில் இருக்கின்றதா என்று பார்ப்பார்கள். மேல்பக்கம் நெருங்கியிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு பக்கவாட்டில் ஜெக் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கும்போது கதவு இறுகித் திறக்க மறுத்தால் அந்தக் காரின் முதுகெலும்பு போய்விட்டது. ஆசனங்களுக்குப் பின்னால் பற்றரி வைக்கும் பெட்டி, பின்பக்க ஸ்பிரிங் பொருத்தப்படும் இடம், கம்பளத்துக்குக் கீழே உள்ள தரை ஆகியவையும் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்.

எஞ்சின் பழுதைக் கண்டு புதியவர்கள் பயப்படுவார்கள். உண்மையில் எஞ்சின்தான் இலகுவான வேலை. அதைக் கழற்றி, மேசையில் வைத்து, இன்ன இன்ன பாகம் தேவை என்று பட்டியல் போட்டு விலை சொல்லி விடலாம். பொடியில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு தகட்டை வெட்டினால் அதற்குப் பின்னால் இன்னொன்று உக்கியிருக்கும். அளவிடக்கூடிய நட்டத்தை விட அளவிட முடியாத நட்டமே ஆபத்தானது. கடையொன்றை வாங்குபவர் அலுமாரிகளைப் பார்த்து மயங்காமல் கடன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

பாடம் 2: வாங்கும் விலை முதலாவது தவணை மட்டுமே

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்வருபவை சந்தை விலைகள் அல்ல. கணக்குப் போடும் முறை விளங்குவதற்காக எடுத்துக் கொண்ட எண்கள்.

முற்றாகத் திருத்தி முடித்த ஒரு கார் 100 ரூபாவுக்கு விலை போகும் என்று வைப்போம். அதே வகைக் கார் ஒன்று கொட்டிலில் கறள் பிடித்துக் கிடக்கின்றது. விலை 20 ரூபா. வாங்குபவரின் மனக்கணக்கு உடனே 80 ரூபா இலாபம் என்று சொல்லும். ஆனால் டிங்கரிங், வெல்டிங் வேலைக்கு 45. பெயின்ட் வேலைக்கு 25. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் 20. பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் ஆகியவற்றுக்கு 15. ஆசனம், கூரை, பம்பர் போன்றவற்றுக்கு 15. கூட்டிப் பாருங்கள். வாங்கிய விலையோடு 140 ரூபா. 100 ரூபாவுக்கு விற்றால் 40 ரூபா நட்டம்.

இனி, பொடி நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு கார் 70 ரூபாவுக்கு வருகின்றது. பிரேக் வேலைக்கு 8, ஆசன வேலைக்கு 7 என்று மொத்தம் 85 ரூபா. இதில் 15 ரூபா இலாபம். மலிவான கார் நட்டத்தையும் விலை கூடிய கார் இலாபத்தையும் தந்தன. "கையில் உள்ள பணத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பொடியை வாங்கு" என்பது இந்தத் தொழிலில் பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை.

எம்.ஜீ.பீ. போன்ற கார்களில், கராஜுக்குக் கூலி கொடுத்து முழு வேலையையும் செய்விப்பவரின் செலவு, பெரும்பாலும் காரின் விற்பனை விலையைத் தாண்டி விடுகின்றது. தன் கையால் வெல்டிங் செய்து, தன் நேரத்துக்குக் கூலி எடுக்காதவரே பெரும்பாலும் தப்புகின்றார். அவர் அதை வியாபாரமாக அல்ல, பொழுதுபோக்காகச் செய்கின்றார். பொழுதுபோக்கு தவறல்ல. பொழுதுபோக்கை முதலீடு என்று பெயர் மாற்றி வீட்டாரிடமும் பங்காளியிடமும் சொல்வதுதான் தவறு.

பாடம் 3: கூலிக்குப் பெயர் தெரியாது, சந்தைக்குத் தெரியும்

வெல்டிங் செய்பவர் ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்கும் கூலி, காரின் முகப்பில் எந்தச் சின்னம் இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முடிந்த காருக்குச் சந்தை கொடுக்கும் விலை சின்னத்தைப் பொறுத்து மாறுகின்றது.

1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் வேலை எம்.ஜீ.பீ.யை விடக் கடினமானது, பாகங்களும் விலை கூடியவை. ஆனால் விற்பனை விலையில் உள்ள வித்தியாசம் வேலையில் உள்ள வித்தியாசத்தை விட மிகப் பெரியது. 2017இல் ஜாகுவார் கொம்பனியே பழைய ஈ-டைப் கார்களை வாங்கி, முற்றாகத் திருத்தி விற்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆரம்ப விலை 285,000 பவுண். அந்த விலையில் பல நூறு மணித்தியாலக் கூலியைத் தாங்க முடியும். எம்.ஜீ.பீ.யின் விலையில் அது முடியாது.

ஒரே பெயருக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அமெரிக்கச் சட்டங்களுக்காக 1974இன் கடைசிப் பகுதியிலிருந்து எம்.ஜீ.பீ. கார்களுக்குக் கறுப்பு நிறத்தில் பெரிய பம்பர்கள் பொருத்தப்பட்டன. காரின் உயரமும் கூட்டப்பட்டது. இன்றும் குரோம் பம்பர் கொண்ட முந்திய கார்களுக்கே கூடுதல் விலை. கறள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் தின்கின்றது. வெல்டிங் கூலியும் ஒன்றுதான். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே, முடிந்த பொருளுக்கு உச்ச விலை என்ன என்பதை அறிந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து வர வேண்டும்.

பாடம் 4: வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு

பாதியில் நின்றுபோன கார்களில் பெரும்பாலானவை ஒரே விதமாகத்தான் நின்று போகின்றன. வாங்கிய உற்சாகத்தில் உரிமையாளர் ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் கழற்றிப் போடுகின்றார். கழற்றுவதற்குப் பணம் தேவையில்லை, அறிவும் அவ்வளவு தேவையில்லை. ஆறு மாதங்களின் பின்னர் எந்த நட் எந்தப் போல்ட்டுக்கு உரியது என்று தெரியாது. கார் பெட்டிகளுக்குள் போய்விடுகின்றது. பெட்டிக்குள் இருக்கும் காரை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். எது குறைகின்றது என்று வாங்குபவருக்குத் தெரியாதே.

சரியான ஒழுங்கு இப்படி இருக்கும். முதலில் படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் சிறு பையில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். ஒரு பகுதியை முடித்த பின்னரே அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அடிப்பெட்டியை வெட்டும் முன்னர் பொடிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கதவு வரும் இடைவெளியில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே ஒட்டி, காரின் பாரத்தைச் சரியான இடங்களில் தாங்கி, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இடையிடையே கதவைப் பொருத்தி இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் இரு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினால், கார் நடுவில் தொய்ந்து, புதிய தகடு அந்தத் தொய்ந்த வடிவத்திலேயே ஒட்டப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் கதவு பூட்டாது.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னர் கதவு, பொனட், மட்காட், பம்பர் அனைத்தையும் ஒரு முறை பொருத்திப் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்த பின்னர் துளை போடுவதும் தட்டுவதும் இரட்டைச் செலவு.

பல வருடம் தூங்கிய எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டு, ஊற விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். தாங்கியில் உள்ள பழைய பெற்றோலை முழுவதும் இறக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிச் சூடான பின், ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 50 பீ.எஸ்.ஐ. அளவில் நின்றால் நல்ல சகுனம். 1967 வரை வந்த எம்.ஜீ.பீ.களில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இது தெரியாமல் இன்றைய வழக்கப்படி மாற்றிக் கொடுத்தால் மின் பாகங்கள் பழுதாகும்.

பெற்றோலும் மாறிவிட்டது. பிரித்தானியாவில் ஈயம் கலந்த பெற்றோலின் பொது விற்பனை 2000ஆம் ஆண்டோடு நின்றது. அந்தப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட எஞ்சின்களுக்கு, திருத்தும்போது கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்துவது வழக்கம். 2021 செப்டெம்பரிலிருந்து அங்கு 10 வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல் சாதாரண பெற்றோலாக வந்துள்ளது. பழைய இறப்பர் குழாய்களை அது கெடுக்கும் என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டும். பிரேக் குழாய்களையும் சிலிண்டர்களையும் பொறுத்தவரை சிக்கனமே கூடாது. ஓடாத கார் பணத்தை மட்டும்தான் எடுக்கும். நிற்காத கார் உயிரை எடுத்துவிடும்.

பாடம் 5: உண்மையில் சம்பாதித்தவர் யார்?

எபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டபோது பலர் அந்தக் கதை முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. அவற்றில் உயிரோடு இருந்த ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பாகம் தேவைப்பட்டது. இதைக் கண்டுகொண்டவர்கள் உண்டு.

அமெரிக்காவில் அல் மொஸ் என்பவர் 1948இலேயே லொஸ் ஏஞ்சல்ஸில் பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான சிறு கடையொன்றைத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் அது இந்தக் கார்களின் உதிரிப்பாகங்களைச் செய்வித்து விற்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், எம்.ஜீ.பீ.யின் தகடுகளை அழுத்திய பழைய அச்சுக்களைத் தேடிச் சேர்த்து, 1988இல் முழுப் பொடியையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. கார் நின்று எட்டு வருடங்களின் பின்னர் அதன் பொடி மீண்டும் சந்தைக்கு வந்தது. உக்கிப்போன பொடியை மாதக்கணக்கில் ஒட்டுவதை விடப் புதிய பொடியை வாங்குவது சில சந்தர்ப்பங்களில் இலாபம் என்ற நிலையும் உருவானது. அந்தப் பொடியை அடிப்படையாக வைத்து 1992இல் எம்.ஜீ. ஆர்.வீ.8 என்ற காரே வந்தது. செய்யப்பட்ட சுமார் 2,000 கார்களில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

இதில் எமது நாட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஒரு மில்லியன் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் மொரிஸ் மைனர். அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, ஆனால் எம்.ஜீ.யும் அதுவும் ஒரே மொரிஸ் குடும்பத்தில் பிறந்தவை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், இலங்கையில் இந்தக் கார் பழக்கத்தில் இருப்பதையும் இங்குள்ள கைவேலைத் திறனையும் கண்டு, 1990களின் ஆரம்பத்தில் உள்நாட்டுப் பங்காளியோடு சேர்ந்து, அதன் உதிரிப்பாகங்களை இங்கேயே செய்து ஏற்றுமதி செய்யும் தொழிலைத் தொடங்கினார். நாம் பழசு என்று ஒதுக்கிய காரின் தகடு, இங்கு அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்கே போய் விலையானது.

பஞ்சிகாவத்தையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரைத் திருத்தி விற்பவருக்கு ஒரு காரில் ஒரு முறைதான் இலாபமோ நட்டமோ வரும். பாகம் விற்பவருக்கு, இலாபத்தோடு முடிந்த காரிலும் நட்டத்தோடு நின்ற காரிலும் பணம் வந்து சேரும். ஒரு தொழிலில் நுழைய விரும்புபவர் அதில் எந்தக் கதிரையில் உட்காரப் போகின்றார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

பாடம் 6: கொட்டிய பணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

மேலே சொன்ன கணக்குக்குத் திரும்புவோம். காருக்கு 20 ரூபா, டிங்கரிங்குக்கு 45 ரூபா என்று 65 ரூபா செலவாகிவிட்டது. இன்னும் 75 ரூபா தேவை. இந்நிலையில் ஒருவர் வந்து, "இருக்கும்படியே 30 ரூபாவுக்குத் தருகின்றீர்களா?" என்று கேட்கின்றார். உரிமையாளருக்குக் கோபம் வரும். 65 ரூபா போட்ட பொருளை 30 ரூபாவுக்குக் கொடுப்பதா?

ஆனால் முன்னால் இருப்பதை மட்டும் பாருங்கள். இன்றே கொடுத்தால் 30 ரூபா கையில். வேலையை முடித்தால் இன்னும் 75 ரூபா கொடுத்து 100 ரூபா பெறுவீர்கள். மிஞ்சுவது 25 ரூபா. எதிர்பாராத செலவாக 75 ரூபாவில் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் 90 ரூபா செலவு. மிஞ்சுவது 10 ரூபாதான். ஆகவே வந்தவருக்குக் கொடுத்து விடுவதே சரி. போன 65 ரூபா இரண்டு வழியிலும் போனதுதான். அது முடிவெடுக்கும் மேசைக்கு வரக் கூடாது.

முடங்கிய காலத்தின் விலையும் உண்டு. ஒருவர் தன் கடையில் வருடத்துக்கு நான்கு முறை முதலைச் சுழற்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் நூற்றுக்கு 5 வீதம் உழைக்கின்றார் என்று வைப்போம். வருடத்துக்கு 20 வீதம். அந்த 65 ரூபா காரில் மூன்று வருடம் முடங்கினால், எளிய கணக்கில் 39 ரூபா உழைப்பு இழக்கப்படுகின்றது. எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படாத நட்டம் இது. கடை முதலை எடுத்துக் காரில் போட்டு, மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பினால், கெடுவது கார் மட்டுமல்ல. வருடக்கணக்காகச் சேர்த்த பெயரும்தான்.

இதற்கு ஒரே பாதுகாப்பு, வாங்கும் நாளிலேயே நிறுத்தக் கோட்டை எழுதி வைப்பது. "இந்தத் தொகைக்கு மேல் போகாது, இந்தத் திகதிக்கு மேல் காத்திருக்க மாட்டேன்" என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முடியுமானால் நம்பிக்கையான ஒருவரின் கையிலும் ஒரு பிரதியைக் கொடுங்கள். ஆசை ஏறிய பின்னர் போடும் கோடு நிற்காது.

பாடம் 7: ஆவணமும் நேர்மையும் விலையின் பகுதி

பழைய காரை வாங்குபவர் இரும்பை மட்டும் வாங்குவதில்லை. அதன் வரலாற்றையும் வாங்குகின்றார். இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் நூதனசாலை, தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, கார் செய்யப்பட்ட திகதி, முதல் நிறம், எஞ்சின் இலக்கம் முதலியவற்றை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்குகின்றது. காரில் உள்ள எஞ்சின் அந்த இலக்கத்தோடு பொருந்தினால் மதிப்புக் கூடும். ஒவ்வொரு வேலையின் படமும், ஒவ்வொரு பாகத்தின் பற்றுச்சீட்டும் கோவையாக இருந்தால், வாங்குபவர் காந்தத்தைக் கொண்டு வந்தாலும் நீங்கள் பயப்படத் தேவையில்லை.

இதற்கு எதிர்மாறான வழியும் இருக்கின்றது. உக்கிய இடத்தைப் பட்டிப் பசையால் நிரப்பி, மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்து, அடியில் தடித்த தார் பூசிக் கறளை மறைத்து விற்பவர்களும் உண்டு. கார் ஆறு மாதம் அழகாக இருக்கும். பிறகு பெயின்ட் கொப்பளித்து உண்மை வெளியே வரும். விபத்து ஒன்றில் அந்த அடிப்பெட்டி மடங்கினால் உள்ளே இருப்பவரின் கதி என்ன? பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது எமது மூத்த வியாபாரிகள் கடைப்பிடித்த ஒழுங்கு. மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இருக்காது என்று அவர்கள் சொன்னதை மறக்கலாகாது. குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் வாங்கியவர் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்.

இந்த வாரப் பயிற்சி

உங்களிடம் இப்போது முடங்கிக் கிடக்கும் பொருளொன்று நிச்சயம் இருக்கும். ஓடாத வேன், விலை போகாத சரக்கு, பாதியில் நின்ற கட்டடம், நட்டத்தில் ஓடும் கிளைக் கடை என்று ஏதோ ஒன்று. இன்றிரவு கடை பூட்டிய பின்னர் ஒரு கொப்பியை எடுத்து, அதைப் பற்றிப் பின்வரும் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. அதன் எலும்பு நன்றாக இருக்கின்றதா, பெயின்ட் மட்டும்தான் நன்றாக இருக்கின்றதா?

2. முழுமையாகத் திருத்தி முடித்தால் சந்தை கொடுக்கும் உச்ச விலை என்ன?

3. இதுவரை போட்டதை மறந்துவிட்டு, இனிப் போட வேண்டியது எவ்வளவு? அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் எவ்வளவு?

4. இன்றைக்கே இருக்கும்படி விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

5. அந்தப் பணம் கடையில் சுழன்றால் வருடத்துக்கு எவ்வளவு உழைக்கும்?

6. எந்தத் தொகையில், எந்தத் திகதியில் நிறுத்துவேன்?

இரண்டாவது விடையிலிருந்து மூன்றாவதைக் கழித்துப் பாருங்கள். வருவது நான்காவது விடையை விடக் குறைவாக இருந்தால், முடிவு உங்கள் முன்னாலேயே இருக்கின்றது. கூடுதலாக இருந்தால், ஐந்தாவது விடையையும் பார்த்துவிட்டு, பயப்படாமல் வேலையைத் தொடங்குங்கள். ஆறாவது விடையைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பழைய காரைத் திருத்தி வீதியில் ஓட விடுவது மனதுக்கு மகிழ்ச்சி தரும் வேலை. அந்த மகிழ்ச்சிக்காகச் செலவழிக்க விரும்புபவர் தாராளமாகச் செலவழிக்கட்டும். ஆனால் அது எந்தக் கணக்கிலிருந்து போகின்றது என்று தெரிந்து செலவழிக்க வேண்டும். கடையின் பெட்டியில் இருந்து எடுத்தால் கடைக்குப் பதில் சொல்ல வேண்டும். காருக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சோம்பல்பட்டவர், பிறகு கடனுக்கு அடியில் படுக்க நேரிடும். சிந்தித்துச் செயற்படுவோம்.